நிறுவனரின் மகன் வானொலி நிலையத்தைக் கேட்கிறார்: கொடுத்தாக வேண்டுமா?

டெல்டா மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து 44 வயதுச் சகோதரி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் தொடங்கிய டிரஸ்டின் பெயரில் அந்த ஊரில் ஒரு சமுதாய வானொலி, அதாவது உள்ளூர் மக்களுக்காக லாப நோக்கமில்லாமல் நடத்தும் சிறிய எஃப்.எம். நிலையம், நடக்கிறது. சகோதரி முதல் நாளிலிருந்தே அறிவிப்பாளர். இரண்டு ஆண்டுகளாக டிரஸ்டில் உறுப்பினரும்கூட. சென்ற ஐப்பசியில் சார் காலமாகிவிட்டார். இப்போது டிரஸ்டில் நான்கு பேர் இருக்கிறார்கள்: சாரின் மனைவி, ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர் ஒருவர், மகளிர் குழுத் தலைவி, இவர். சென்னையில் வேலை பார்க்கும் சாரின் மகன், "கட்டடம் எங்களுடையது, டிரான்ஸ்மிட்டர் அப்பா காசில் வாங்கியது. வாரிசு நான்தான். ஸ்டேஷனை என் பெயருக்கு மாற்றிக் கொடுங்கள்" என்கிறார்.

நிதி கொடுத்துவந்த நிறுவனத்தின் திட்டம் முடிந்துவிட்டது. நான்கு பேருக்கு ஊக்கத்தொகை பாக்கி, கரன்ட் பில்லும் பாக்கி. இந்த நேரத்தில் பக்கத்து டவுன் ஜவுளிக்கடைக்காரர் ஒருவர், "மாலை ஆறிலிருந்து எட்டு மணி வரை எனக்கு விட்டுவிடுங்கள், மாதம் நாற்பதாயிரம் தருகிறேன், நிகழ்ச்சியை என் ஆட்களே செய்துகொள்வார்கள்" என்று கேட்கிறார். சினிமாப் பாட்டு ஒலிபரப்புவதற்குக் கட்டணம் கேட்டு ஒரு நோட்டீஸ் வந்திருக்கிறது. குடிநீர்த் தொட்டி பற்றி ஒரு தம்பி மைக்கில் பேசியதற்கு, "உங்கள் லைசென்சை ரத்து செய்ய வைக்கிறேன்" என்று ஊராட்சிப் பிரதிநிதி ஒருவர் மிரட்டியிருக்கிறார். அனுமதிக் காலம் அடுத்த ஆண்டு முடிகிறது. "பேசாமல் மூடிவிடலாமா?" என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

சகோதரி, கடிதம் முழுக்கப் பயம் தெரிகிறது. அதில் பாதி தேவையில்லாதது. ஆனால் நீங்கள் பயப்படாமல் விட்டிருக்கும் இரண்டு விஷயங்கள்தான் உண்மையில் ஆபத்தானவை. வரிசையாகப் பார்ப்போம்.

'ஸ்டேஷன்' என்று ஒரே சொத்து இல்லை

மகனும் சரி, நீங்களும் சரி, ஸ்டேஷனை ஒரு வீடு மாதிரி ஒற்றைச் சொத்தாக நினைத்துப் பேசுகிறீர்கள். சட்டத்தின் கண்ணில் அது மூன்று தனித்தனி விஷயங்கள். ஒலிபரப்பும் அனுமதி, கருவிகள், இடம். மூன்றுக்கும் மூன்று பதில்.

முதலில் அனுமதி. அலைவரிசை பொதுச்சொத்து என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகுதான் 2002-ல் கல்வி நிறுவனங்களுக்கும், 2006-ல் தொண்டு நிறுவனங்களுக்கும் இந்தக் கதவு திறந்தது. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். 2004-ல் வந்தது. தெலங்கானாவின் மாச்சனூரில் தலித் பெண்கள் நடத்தும் சங்கம் ரேடியோ 2008-ல் வந்தது. எந்தக் காலத்திலும் தனி நபருக்கு இந்த அனுமதி கிடையாது. அரசியல் கட்சிக்கும், லாபத்துக்கு நடக்கும் நிறுவனத்துக்கும் கிடையாது. மத்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் கையெழுத்திட்டது உங்கள் டிரஸ்டோடுதான். சார் பெயரில் அனுமதி இருந்ததே இல்லை. அதனால் அது வாரிசுக்குப் போகாது. டிரஸ்டே விரும்பினாலும் வேறொருவருக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. கோயில் தர்மகர்த்தா காலமானால் சாவிதான் கைமாறும், கோயில் அவர் பிள்ளைக்குச் சொத்தாகாது. மகனுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்கலாம்.

ஆனால் டிரஸ்ட் பத்திரத்தை எடுத்து வரிவரியாகப் படியுங்கள். பழைய பத்திரங்கள் பலவற்றில் 'என் காலத்துக்குப் பின் என் மூத்த மகன் நிர்வாக அறங்காவலராக இருப்பார்' என்று ஒரு வரி இருக்கும். இருந்தால் மகன் அறங்காவலராக வருவதை நீங்கள் தடுக்க முடியாது. அப்படி வந்தாலும் அவருக்குக் கிடைப்பது ஒரு பொறுப்பு. உங்கள் நால்வரோடு சேர்ந்து, பத்திரத்தில் சொன்ன நோக்கத்துக்காக மட்டும் நடக்க வேண்டியவர் அவர். அப்படி ஒரு வரியே இல்லையென்றால், காலியிடத்தை நிரப்பப் பத்திரம் சொல்லும் வழியில் கூட்டம் போட்டு, தீர்மானம் எழுதி, மாற்றத்தை அமைச்சகத்துக்கும் வங்கிக்கும் தெரிவியுங்கள். சார் இறந்து இத்தனை மாதமாகியும் காசோலையில் யார் கையெழுத்துப் போடுவது என்றே முடிவாகவில்லை என்கிறீர்கள். நான் ஆபத்து என்று சொன்ன இரண்டில் ஒன்று இது.

அடுத்து கருவிகள். 'அப்பா காசில் வாங்கியது' என்பது உண்மையாகவே இருக்கட்டும். அந்தக் காசு டிரஸ்டுக்கு எப்படி வந்தது என்பதுதான் கேள்வி. நன்கொடை என்று ரசீது போட்டு, கருவிகளை டிரஸ்டின் சொத்துப் பதிவேட்டில் ஏற்றி, ஆடிட் ரிப்போர்ட்டில் வருடாவருடம் தேய்மானம் காட்டியிருந்தால், அது டிரஸ்ட் சொத்து. மகனுக்கு அதில் எந்தப் பாத்தியதையும் இல்லை. ஆனால் சிறிய டிரஸ்ட்களின் கணக்கில் நான் அடிக்கடி பார்ப்பது வேறு ஒன்று: 'நிர்வாக அறங்காவலரிடம் கடன்' என்று ஒரு வரி. சார் கைக்காசைப் போட்டபோது ஆடிட்டர் வசதிக்காக அப்படி எழுதியிருப்பார். அந்த வரி இருந்தால், கருவியைக் கேட்க முடியாவிட்டாலும், பணத்தைத் திருப்பிக் கேட்கும் உரிமை சாரின் வாரிசுகள் எல்லோருக்கும் உண்டு. மகன் மட்டுமல்ல, சாரின் மனைவியும் வாரிசு என்பதை மறக்க வேண்டாம். கடைசி நான்கைந்து ஆண்டு பேலன்ஸ் ஷீட்டை இந்த வாரமே வாங்கிப் பாருங்கள்.

டிரான்ஸ்மிட்டரை மட்டும் கழற்றி எடுத்துப் போகிறேன் என்று மகன் சொன்னால், அதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. உரிமம் இல்லாத ஒருவர் வீட்டில் வைத்துக்கொள்ளக்கூடிய பொருள் அல்ல அது. சட்டப்படி அவருக்கே அது தலைவலி. அமைதியாக எடுத்துச் சொல்லுங்கள்.

மூன்றாவது இடம். இங்கேதான் மகன் பக்கம் பலம் இருக்கிறது. கட்டடம் சார் பெயரில், வாடகை ஒப்பந்தம் எதுவும் கிடையாது, 'சார் சும்மா கொடுத்தார்' என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் இன்று அந்தக் கட்டடத்துக்கு உரிமையாளர்கள் அவருடைய வாரிசுகள். உடனே பூட்டுப் போட்டு வெளியே தள்ள அவர்களுக்கு உரிமை இல்லை. முறையாக நோட்டீஸ் கொடுத்துத்தான் காலி செய்யச் சொல்ல வேண்டும். டிரஸ்ட் செலவில் நிரந்தரமாகக் கோபுரம் எழுப்பியிருக்கிறீர்கள் என்பதை வைத்து நீதிமன்றத்தில் வாதாடவும் இடமிருக்கிறது. ஆனால் அந்த வாதத்தை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள், வழக்கு முடிய வருடக்கணக்காகும். வேறு இடத்துக்குப் போகலாமே என்றால், ஆன்டெனா நிற்கும் இடத்துக்கும் சேர்த்துத்தான் அலைவரிசை அனுமதி தந்திருக்கிறார்கள். இடம் மாறினால் அந்த அனுமதியை மறுபடி வாங்க வேண்டும். அது மாதக்கணக்கில் இழுக்கும்.

ஆகவே பேச்சுவார்த்தையில் நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: கட்டடத்துக்குக் குறைந்தது பத்து ஆண்டுக் குத்தகை, சிறு தொகையானாலும் வாடகையோடு, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்து. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை பதிவாகாமல் செல்லாது. அதற்குப் பதிலாக அவர்களுக்கு நீங்கள் கொடுக்கக் கூடியவை: கணக்கில் கடன் இருந்தால் தவணையில் திருப்புவது, ஸ்டுடியோவுக்குச் சார் பெயரை வைப்பது, மகனை ஆலோசனைக் குழுவில் சேர்ப்பது. அவர் சொத்துக்காகத்தான் கேட்கிறார் என்று நீங்கள் முடிவு கட்டிவிட்டீர்கள். அப்பா இருபது வருடம் வீட்டைக் கவனிக்காமல் ஊருக்காக ஓடிய கோபம்கூட அதில் இருக்கலாம். முதலில் அம்மாவிடம் பேசுங்கள். அவரும் அறங்காவலர், அவரும் வாரிசு. இரண்டு பக்கத்துக்கும் பொதுவானவர் அவர் ஒருவர்தான். எதுவும் பலிக்காமல், மகன் டிரஸ்ட் சொத்தையே விற்கவோ எடுக்கவோ முயன்றால், பொது அறக்கட்டளையில் அக்கறை உள்ள இருவர் நீதிமன்ற அனுமதியோடு வழக்குத் தொடர சிவில் நடைமுறைச் சட்டத்தின் 92-வது பிரிவில் வழி உண்டு. அது கடைசி வழி.

ஜவுளிக்கடைக்காரரின் நாற்பதாயிரம்

வேண்டாம். நான் ஆபத்து என்று சொன்னதில் இரண்டாவது இதுதான். இதை நீங்கள் ஒரு வரவாகப் பார்த்துச் 'சரி சொல்லிவிடலாம் என்று இருக்கிறோம்' என்று எழுதியிருக்கிறீர்கள்.

இரண்டு மணி நேரத்தை மொத்தமாக ஒருவரிடம் ஒப்படைத்து, நிகழ்ச்சியையும் அவர் ஆட்களே செய்வது விளம்பரம் ஆகாது. அனுமதியில் ஒரு பகுதியை வாடகைக்கு விடுவதுதான் அது. மத்திய, மாநில அரசுகளும், பொதுநலத் தகவல் சொல்லும் அமைப்புகளும் நிகழ்ச்சிக்கு நிதியளிக்கலாம். கடைக்காரர் அப்படிச் செய்ய முடியாது. தவறு நிரூபணமானால் முதல் முறை ஒரு மாதம் வரை, இரண்டாம் முறை மூன்று மாதம் வரை ஒலிபரப்பை நிறுத்தி வைக்கலாம். அதற்கு மேலும் நடந்தால் அனுமதியே ரத்து. அப்புறம் ஐந்து ஆண்டுகளுக்கு உங்கள் டிரஸ்ட் விண்ணப்பிக்கவே முடியாது. அந்த இரண்டு மணி நேரத்தில் அவர் ஆள் மைக்கில் என்ன பேசினாலும் பதில் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள் நால்வர்தான்.

அதே கடைக்காரரிடம் விளம்பரம் வாங்கலாமே! 'லாப நோக்கமில்லாத நிலையம் என்பதால் நாங்கள் விளம்பரமே போட்டதில்லை' என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். விதி அப்படிச் சொல்லவில்லை. உள்ளூர்க் கடை, தொழில், வேலைவாய்ப்பு, விழா பற்றிய விளம்பரங்களுக்கு 2006-லிருந்தே இடம் உண்டு. மணிக்கு 7 நிமிடம் என்றிருந்ததை 2024 பிப்ரவரியில் வந்த புதிய வழிகாட்டு நெறிகள் 12 நிமிடமாக உயர்த்தியிருக்கின்றன. அரசு விளம்பரத்துக்கான கட்டணத்தையும் 10 விநாடிக்கு 52 ரூபாயிலிருந்து 74 ரூபாயாக ஆக்கியிருக்கிறார்கள். ஒரு மணி நேரத்தின் 12 நிமிடமும் அந்தக் கட்டணத்தில் நிரம்பினால் 5,328 ரூபாய். நிரம்பாது என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். உள்ளூர் உரக்கடையும் மெடிக்கல் ஷாப்பும் அதில் பாதி கொடுத்தாலே பெரிது. அரசு விளம்பரம் வேண்டுமென்றால், அதை வழங்கும் மத்திய மக்கள் தொடர்பகத்தில் பெயரைச் சேர்க்க வேண்டும், பணம் வரத் தாமதமாகும். இருந்தாலும் ஜவுளிக்கடை, நகைக்கடை, நர்சரிப் பள்ளி, நாற்றங்கால் என்று பத்துப் பேரிடம் மாதம் இரண்டாயிரம் வாங்கினால் இருபதாயிரம். ஒருவர் விலகினால் நிலையம் சாயாது. ஒரே நிதி நிறுவனத்தை நம்பியிருந்து இப்போது திண்டாடுகிறீர்கள். அதே தவறை ஒரு கடைக்காரரை வைத்து மறுபடி செய்ய வேண்டாம்.

பணம் வந்தால் இரண்டு கட்டுப்பாடு. நிலையத்தின் செலவுக்கும் கருவிகளுக்கும் மட்டுமே அதைச் செலவிட வேண்டும். மீதியை டிரஸ்டின் மற்ற வேலைகளுக்குத் திருப்ப அமைச்சகத்தின் முன் அனுமதி எழுத்தில் வேண்டும். அப்புறம், பொதுநலப் பணி என்ற வகையில் வருமான வரி விலக்குப் பெற்ற டிரஸ்டாக இருந்தால், வணிக வகை வருமானம் மொத்த வரவில் 20 சதவீதத்தைத் தாண்டும்போது விலக்குக்குச் சிக்கல் வரும். நன்கொடை குறைந்து விளம்பரம் கூடும்போது அந்தக் கோட்டைத் தெரியாமலேயே தாண்டிவிடுவீர்கள். ஆடிட்டரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

சினிமாப் பாட்டு

'காசு வாங்காமல் போடுகிறோம், அதனால் யாரும் கேட்க முடியாது' என்று சார் சொல்வாராம். சார் மீது மரியாதையோடு சொல்கிறேன், அது சரியல்ல. பதிப்புரிமைச் சட்டத்தில் லாப நோக்கமற்ற வானொலிக்கு என்று தனி விலக்கு கிடையாது. ஒரு பாட்டில் வரிக்கும் மெட்டுக்கும் ஓர் உரிமை, ஒலிப்பதிவுக்கு இன்னோர் உரிமை. இரண்டும் வெவ்வேறு கைகளில் இருக்கும்.

நோட்டீசைக் கிழித்துப் போடவும் வேண்டாம், கேட்ட தொகையை அப்படியே கட்டவும் வேண்டாம். எந்தப் பாட்டுகளுக்கு, எந்த உரிமைக்கு, எந்த அதிகாரத்தில் கேட்கிறீர்கள், நீங்கள் (உரிமையாளர்கள் சார்பில் கட்டணம் வசூலிக்கும்) பதிவு பெற்ற பதிப்புரிமைச் சங்கமா என்று கேட்டு வக்கீல் மூலம் பதில் அனுப்புங்கள். உங்கள் வரவு எவ்வளவு என்பதையும் ஆடிட் ரிப்போர்ட்டோடு காட்டுங்கள். பேசினால் தொகை குறையும்.

அதைவிட முக்கியம், நீங்கள் ஒலிபரப்பும் நேரத்தில் குறைந்தது பாதி, உள்ளூர் மக்கள் பங்கேற்று உள்ளூரிலேயே தயாரித்ததாக இருக்க வேண்டும். கடிதத்தில் நீங்கள் எழுதியுள்ள அன்றாட அட்டவணையைக் கூட்டிப் பார்த்தேன். சினிமாப் பாட்டே பாதிக்கு மேல் போகிறது! புதுப்பிக்கும் நேரத்தில் இது உதைக்கும். நடவுப் பாட்டு, கும்மி, தாலாட்டு என்று உங்கள் பகுதியில் பாட ஆள் இருக்கிறார்கள். பாடுபவரிடம் ஒரு சம்மதக் கடிதம் மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் பாடியவருக்கும் தன் குரல்மேல் சட்டப்படி உரிமை உண்டு.

குடிநீர்த் தொட்டியும் மிரட்டலும்

ஊராட்சிப் பிரதிநிதியால் உங்கள் அனுமதியை ரத்து செய்ய முடியாது. அவர் புகார் எழுதலாம், அவ்வளவுதான். அமைச்சகமும் உங்கள் விளக்கத்தைக் கேட்காமல் தண்டிக்க முடியாது. ஒலிபரப்பிய ஒவ்வொன்றையும் மூன்று மாதம் பதிவில் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அந்தத் தம்பி பேசிய பதிவைத் தனியாக எடுத்துப் பத்திரப்படுத்துங்கள், இங்கே அதுதான் உங்களுக்குச் சாட்சி.

ஆனாலும் கவனம் வேண்டும். சமுதாய வானொலி சொந்தமாகச் செய்தி சொல்லக் கூடாது, அரசியலும் கூடாது. தினமும் காலையில் பேப்பர் தலைப்புகளை வாசிக்கிறோம் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதை நாளையே நிறுத்துங்கள். ஆகாசவாணிச் செய்தியை மாற்றமில்லாமல் மறுஒலிபரப்பு செய்ய மட்டுமே இடமுண்டு. செல்போன் வைத்திருக்கும் யாரும் யூடியூபில் செய்தி வாசிக்கலாம், அனுமதி வாங்கி நடத்தும் நிலையம் மட்டும் வாசிக்கக் கூடாது என்பது என்ன நியாயம் என்று எனக்கும் தோன்றுகிறது. ஆனால் விதி இருக்கும்வரை விதிதான்.

வானிலை, போக்குவரத்து, மின்தடை, குடிநீர் விநியோகம், வேலைவாய்ப்பு, தேர்வு முடிவு, நிர்வாகம் தரும் பேரிடர், சுகாதார எச்சரிக்கை எல்லாம் செய்தி என்ற கணக்கில் வராது. பாம்பனில் மீனவர்களுக்காக நடக்கும் கடல் ஓசை, காற்றும் அலையும் பற்றிய தகவலை இந்த வழியில்தான் சொல்கிறது. குடிநீர்ப் பிரச்சினையையும் இப்படிக் கையாளலாம். யார் பணத்தைச் சாப்பிட்டார் என்று மைக்கில் கேட்டால் வம்பு. தொட்டி எப்போது கழுவ வேண்டும், புகார் யாரிடம் கொடுப்பது, தகவல் உரிமை மனு எப்படி எழுதுவது, அடுத்த கிராம சபை எந்தத் தேதி என்று சொன்னால் அது பொதுநலத் தகவல். தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு கிராம சபை நடக்கிறது. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்துக்கே ஒன்று. மிரட்டியவரையே ஸ்டுடியோவுக்கு அழைத்துக் கேள்விக்குப் பதில் சொல்லச் சொல்லுங்கள். வரமாட்டேன் என்றால் அழைப்புக் கடிதத்தின் நகல் உங்களிடம் இருக்கட்டும்.

மூடிவிடலாமா?

மூடுவது உங்கள் நால்வர் தீர்மானத்தில் இருக்கிறது. ஆனால் 'கொஞ்ச நாள் நிறுத்திப் பார்ப்போம்' என்று மட்டும் செய்யாதீர்கள். மூன்று மாதத்துக்கு மேல் ஒலிபரப்பு நின்றால் அனுமதியை ரத்து செய்து அலைவரிசையை அடுத்தவருக்குக் கொடுக்க அரசுக்கு அதிகாரம் உண்டு. மகனிடமும் கடைக்காரரிடமும் இல்லாத உங்கள் பிடி அந்த அனுமதி ஒன்றுதான்.

நேரத்தைக் குறையுங்கள். காலை ஐந்தரை முதல் இரவு பத்து வரை நடத்துவது உங்கள் வரவுக்கு அதிகம். காலையில் ஒரு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் என்று சுருக்கினால் கரன்ட் பில்லும் குறையும், டிரான்ஸ்மிட்டருக்கும் ஓய்வு. நான்கு பேரின் பாக்கியை எவ்வளவு, எப்போது தருவது என்று தீர்மானமாக எழுதி அவர்களிடம் நகல் கொடுங்கள். தொண்டர் என்று பெயர் வைத்து மாதச் சம்பளம்போல் கொடுத்தால், நாளைக்கு அதுவே தொழிலாளர் வழக்காகலாம்.

புதுப்பிக்கும் மனுவை இப்போதே தயார் செய்யுங்கள். புதிய நெறிகளில் முதல் அனுமதிக் காலமே 5 ஆண்டிலிருந்து 10 ஆண்டாக நீண்டிருக்கிறது. ஆலோசனை மற்றும் நிகழ்ச்சிக் குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். உங்கள் மகளிர் குழுவிலிருந்தே எடுக்கலாம். டிரஸ்ட் பத்திரம், கடைசி மூன்று ஆண்டு ஆடிட் ரிப்போர்ட், மினிட்ஸ் புத்தகம், அமைச்சக ஒப்பந்தம், அலைக்கற்றைக் கட்டண ரசீதுகள், வந்த நோட்டீஸ் ஆகியவற்றை ஒரு ஃபைலில் போட்டு உங்கள் மாவட்டத்தில் டிரஸ்ட் வழக்கு பார்க்கும் வக்கீல் ஒருவரிடம் போங்கள். வக்கீல் செலவுக்கு வழியில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு இலவச உதவி உண்டு. மகனிடம் பேசப் போவதற்கு முன்னால் இதைச் செய்துவிடுங்கள், கணக்கில் அந்தக் 'கடன்' வரி இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் அவர் எதிரே உட்கார வேண்டாம்.